சீனக்குடாவில் ஃபெயரி விமானங்கள்: 1942 ஏப்ரல் பற்றிய சில குறிப்புகள்

மூதூர் மக்களுக்குச் சீனக்குடா புதிய இடமல்ல. கொட்டியாரக் குடாவுக்கு வடமேற்கே, உள் துறைமுகத்தை ஒட்டிக் கிடக்கும் அந்த விமானத்தளம் பிரித்தானியர் அமைத்தது. இன்று இலங்கை விமானப்படையின் கையில் இருக்கிறது. எங்கட ஊர் மூத்தவர்கள் வயதைக் கணக்குப் பார்க்க ஒரு அடையாளம் வைத்திருந்தார்கள். "ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்" என்பார்கள். என் உம்மும்மாவும் தன்னுடைய கலியாணம் அதற்கு முந்திய வருஷம் என்றுதான் சொல்வா. அந்த வருஷம் 1942.

நான் படித்ததும் படிப்பிப்பதும் தமிழ். ஆனால் விமானங்களின் வரலாற்றைத் தேடி வாசிப்பது இளமையிலிருந்தே இருக்கும் பழக்கம். அந்தத் தேடலில் ஃபெயரி என்ற ஆங்கிலேயக் கம்பனியில் வந்து நின்றேன். காரணம் எளிது. அந்தக் கம்பனி செய்த விமானங்கள் எங்கள் குடாவுக்கு மேலே பறந்தன. சில இங்கேயே எரிந்தும் போயின.

ரிச்சர்ட் ஃபெயரி என்பவர் 1915இல் லண்டனுக்கு மேற்கே ஹேய்ஸ் என்ற இடத்தில் இதைத் தொடங்கினார். இளவயதில் மாதிரி விமானங்கள் செய்து போட்டியில் பரிசு வாங்கியவர். பின்பு ஷோர்ட் சகோதரர்களின் நிறுவனத்தில் பொறியியலாளராக வேலை செய்தவர். புதிய கம்பனிக்குக் கிடைத்த முதல் வேலையும் அந்தப் பழைய முதலாளிமாரின் வடிவமைப்பில் 12 கடல்விமானங்களைச் செய்து கொடுப்பதுதான். முதலாம் உலகப்போர் முடிவதற்குள் சொந்த வடிவமைப்பில் விமானம் செய்யும் நிலைக்கு அது வந்துவிட்டது. அதன் முக்கியமான வாடிக்கையாளர் பிரித்தானியக் கடற்படை. இந்த உறவே கம்பனியை வளர்த்தது. அதைக் கட்டிப்போட்டதும் இதே உறவுதான்.

கட்டிப்போட்டது எப்படி? 1918 ஏப்ரலில் பிரித்தானியா தன் கடற்படை விமானப் பிரிவைப் புதிதாக உருவான விமானப்படையோடு சேர்த்தது. மறுபடி அது முழுமையாகக் கடற்படையின் கைக்கு வந்தது 1939இல். இடைப்பட்ட இருபது வருடமும் கப்பல் விமானங்கள் மாற்றாந்தாய்ப் பிள்ளைகளாகவே இருந்தன. விமானந்தாங்கிக் கப்பலின் சிறிய தளத்தில் இறங்க வேண்டுமென்றால் மெதுவாகப் பறக்கும் விமானம் வேண்டும். கரை தெரியாத கடலில் வழி கண்டுபிடிக்க விமானியோடு இன்னொருவரும் இருக்க வேண்டும். இப்படிக் கேட்டவர்களுக்கு ஃபெயரி கேட்டதையே செய்து கொடுத்தது.

அவற்றுள் பேர்போனது சோட்ஃபிஷ். 1934 ஏப்ரலில் முதன்முதலாகப் பறந்தது. இரட்டைச் சிறகு, உலோகச் சட்டத்தின் மேல் துணி, மூடியில்லாத இருக்கைகள். வேகம் மணிக்கு 220 கிலோமீற்றர் அளவு. வயிற்றில் ஒரு டோர்பிடோவைக் கட்டிக்கொண்டு போகும். 1940 நவம்பரில் தரந்தோ துறைமுகத்தில் இத்தாலியப் போர்க்கப்பல்களை அடித்ததும், 1941 மேயில் ஜேர்மனியரின் பிஸ்மார்க் கப்பலின் சுக்கானை முடமாக்கியதும் இந்தத் துணிச் சிறகு விமானம்தான். மொத்தம் 2,391 செய்யப்பட்டன. அவற்றில் ஃபெயரி செய்தவை 692. மிச்சத்தை பிளாக்பேர்ன் என்ற இன்னொரு கம்பனி செய்தது.

அத்திலாந்திக்கிலும் மத்தியதரைக் கடலிலும் பேர் வாங்கிய அதே விமானத்துக்கு இந்து சமுத்திரத்தில் நடந்தது வேறு கதை. இங்கே எதிரியின் கப்பல்களில் சீரோ சண்டை விமானங்கள் இருந்தன. வேகம் மணிக்கு 500 கிலோமீற்றருக்கு மேல்.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. அன்று காலை 788ஆம் கடற்படை அணியின் ஆறு சோட்ஃபிஷ் விமானங்கள் டோர்பிடோக்களோடு சீனக்குடாவிலிருந்து கிளம்பி இரத்மலானைக்குப் போயின. கொழும்பைத் தாக்க வந்த ஜப்பானிய விமானங்களும் அதே நேரம் வந்து சேர்ந்தன. சீரோக்கள் ஆறையும் சுட்டு வீழ்த்தின. ஒன்றும் தப்பவில்லை.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 காலையில், அட்மிரல் நகுமோவின் கப்பல்களிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் திருகோணமலைக்கு வந்தன. 261ஆம் அணியின் ஹரிகேன் விமானங்கள் எதிர்த்துப் போய்ப் பாதியளவை இழந்தன. விமானத்தளமும் கடற்படைத் தளமும் அடிபட்டன. எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்தது. அதற்கு முந்திய இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் அகப்பட்டது. விமானந்தாங்கி என்பது பேருக்குத்தான். அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. அதன் சோட்ஃபிஷ்கள் கரையில் விடப்பட்டிருந்தன. கப்பலோடு 307 பேர் மாண்டார்கள். அதைக் காக்க இரத்மலானையிலிருந்து அனுப்பிய ஃபுல்மர் விமானங்கள் போய்ச் சேரும்போது கப்பல் மூழ்கிவிட்டது. ஃபுல்மரும் ஃபெயரி செய்ததுதான். எட்டு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தும், இரண்டு பேரைச் சுமக்கும் பாரத்தால் சீரோவுக்கு அது ஈடு கொடுக்கவில்லை.

துறைமுகத்துக்குள் அன்று எரிந்த கப்பல் சகாயிங். பர்மாவின் ஒரு ஊர்ப் பேரைத் தாங்கிய, ஸ்கொட்லாந்தில் கட்டிய பிரயாணிகள் கப்பல். அதன் சரக்கில் ஃபெயரியின் அல்பகோர் விமானங்கள் சிலவும் ஒரு வால்ரஸ் விமானமும் இருந்தன. சோட்ஃபிஷ்க்குப் பதிலாக வந்ததுதான் அல்பகோர். இலங்கை வானில் ஒருமுறைகூடப் பறக்காமல் அவை கப்பலோடு எரிந்தன. எரிந்த கூட்டை 1943இல் மூழ்கடித்து இறங்குதுறைபோலப் பாவித்தார்கள். 75 வருடம் கடலுக்கடியில் கிடந்த அந்தக் கப்பலை 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் மிதக்க வைத்து அப்புறப்படுத்தினார்கள்.

பின்பு ஃபெயரி என்ன ஆனது? 1956இல் அதே கம்பனியின் இன்னொரு விமானம் மணிக்கு ஆயிரம் மைலைத் தாண்டி உலகச் சாதனை படைத்தது. 1960இல் அதன் விமானப் பிரிவு வெஸ்ட்லான்ட் கம்பனியோடு சேர்ந்தது. மெதுவான விமானம் மட்டுமே செய்யத் தெரிந்தவர்கள் அல்ல அவர்கள். 1930களில் அவர்களிடம் கேட்கப்பட்டது அது. அந்தக் கேள்விக்கான விலையை 1942இல் எங்கள் கடலிலும் வானிலும் வாலிபர்கள் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு விபரமாக எழுத முடிகிறது என்றால் அதற்கும் காரணம் உண்டு. பிரித்தானியப் படை விமானம் ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம் எழுதப்பட்டிருக்கும். எந்த ஆலையில் செய்தது, எந்த அணிக்குப் போனது, எந்த நாள் எங்கே விழுந்தது என்று அந்த இலக்கத்தை வைத்து ஆர்வலர்கள் பல வருடம் உழைத்துப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். துணியும் கம்பியுமான ஒரு விமானத்தின் பிறப்பும் இறப்பும் பதிவில் இருக்கிறது.

அதே காலையில் அந்த வானத்துக்குக் கீழே எங்கட சனமும் இருந்தது. தோணி விட்டவர்கள், மீன் பிடித்தவர்கள், வயலில் நின்றவர்கள், துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போனவர்கள். நான் வாசித்த போர் வரலாற்று நூல்களில் மூதூர், கிண்ணியா, தோப்பூர் மக்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்ட ரொபட் நொக்ஸுக்கு இங்கே நினைவுக்கல் உண்டு. 1942இல் இங்கே வாழ்ந்தவர்களுக்கு உம்மும்மாமாரின் வாய்க்கணக்கு மட்டும்தான் இருந்தது.

அந்த வாயும் மூடிக்கொண்டு வருகிறது. அன்று பத்து வயதுப் பிள்ளைக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. 2004 கடற்கோளிலும், 2006இல் ஊரே கந்தளாய்ப் பக்கம் பெயர்ந்தபோதும் வீட்டுப் பத்திரங்கள் எத்தனையோ அழிந்தன. இருந்தாலும் தேடினால் அகப்படக்கூடியவை உண்டு. அக்காலத்தில் இயங்கிய பாடசாலைகளின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் 1942 ஏப்ரல் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். பாடசாலை மூடப்பட்டதா, பிள்ளைகள் வந்தார்களா என்று அதிபர் ஒரு வரி எழுதியிருந்தாலும் அது ஆவணம். பள்ளிவாசல் கணக்குப் புத்தகங்கள், கலியாணப் பதிவுகள், காணி உறுதிகள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

இந்தச் சஞ்சிகையின் வாசகர்களில் ஆசிரியர்களும் பள்ளிவாசல் நிருவாகிகளும் பலர். உங்கள் ஊரில் தொண்ணூறு கடந்த ஒரு மூத்தவர் ஹயாத்தோடு இருந்தால், வார இறுதியில் ஒரு மணித்தியாலம் அவர் பக்கத்தில் இருந்து கேளுங்கள். பெயர், ஊர், அன்று என்ன கண்டார், யார் காயப்பட்டார், எங்கே ஓடி ஒளிந்தார்கள் என்பதை அவர் சொல்கிற பேச்சிலேயே எழுதி, திகதி போட்டு வையுங்கள். ஒலிப்பதிவு செய்தால் இன்னும் நல்லது. ஹேய்ஸில் செய்த விமானத்துக்கு இலக்கம் போட்டு வைத்தவர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். நம்மட வேலை நம்மிடம் கிடக்கிறது.