ரோஸ் மியூசியம் விற்பனைக்கு அல்ல!

கல்லூரி நூலகத்துப் புத்தகங்களை விற்று மின்கட்டணம் கட்டினால் எப்படி இருக்கும்? சிரிப்பு வருகிறதா? ஏறக்குறைய அப்படி ஒரு முடிவை 2009-ல் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் எடுத்தது.

பாஸ்டன் அருகே வால்தம் நகரில் இருக்கிறது பிராண்டைஸ் பல்கலைக்கழகம். அங்கே 1961-ல் ரோஸ் கலை அருங்காட்சியகம் தொடங்கியது. முதல் இயக்குநர் சாம் ஹன்டர். அவருக்குக் கிடைத்த நன்கொடை 50,000 டாலர். ஒரு படைப்புக்கு 5,000 டாலருக்கு மேல் தருவதில்லை என்பது கணக்கு. 1962-63ல் 21 படைப்புகளை வாங்கினார். லிக்டென்ஸ்டைன், ஜாஸ்பர் ஜான்ஸ், ராஷன்பர்க்... எல்லோரும் அன்று இளம் ஓவியர்கள். பின்னாளில் கோடிகளில் விலைபோனவர்கள்!

அந்த விலையே வினையானது. 2008 பொருளாதார வீழ்ச்சியில் பல்கலைக்கழகத்தின் முதலீடுகள் சரிந்தன. 2009 ஜனவரி 26 அன்று, அருங்காட்சியகத்தை மூடி ஓவியங்களை விற்கலாம் என்று அறங்காவலர்கள் வாக்களித்தார்கள். அப்போதைய இயக்குநர் மைக்கேல் ரஷ்ஷுக்கு இது தெரிந்ததே அன்றைக்குத்தான்!

சொத்து இருக்கிறது, பணமுடை இருக்கிறது, விற்றால் என்ன தப்பு என்று கேட்கலாம். வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. காட்சிக்கும் கல்விக்கும் வைத்திருக்கும் சேகரிப்பை இருப்புநிலைக் குறிப்பில் காட்ட வேண்டியதில்லை என்று 1993-ல் வந்த அமெரிக்கக் கணக்கியல் விதி 116 சொன்னது. ஆனால் அன்று ஒரு நிபந்தனை இருந்தது: விற்றால், அந்தப் பணத்தில் வேறு கலைப்பொருள்தான் வாங்க வேண்டும் என்றது அந்த விதி. அதாவது, அது செலவுக்கு எடுக்கும் பணமாக எண்ணப்படவே இல்லை. பாடம் நடத்த வைத்திருக்கும் பொருள், அவ்வளவுதான்.

மாணவர்கள் போராடினார்கள். மற்ற அருங்காட்சியக இயக்குநர்கள் கண்டித்தார்கள். ரோஸின் ஆலோசனைக் குழுவினர் மூவர் வழக்குப் போட்டார்கள். ரஷ்ஷும் வெளிப்படையாக எதிர்த்தார். 2009 ஜூனோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. 2011-ல் சமரசம் ஏற்பட்டது. ஓவியங்களை விற்கும் எண்ணமில்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. அதே ஆண்டில் ரோஸ் தன் பொன்விழாவைக் கொண்டாடியது.

ரஷ் பிறகு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2012-ல் திறந்த பிராட் அருங்காட்சியகத்துக்கு முதல் இயக்குநரானார். 2015-ல் காலமானார்.

பல்கலைக்கழக அருங்காட்சியக இயக்குநரிடம் சாவி இருக்கும். விற்கும் அதிகாரம் இருக்காது, தடுக்கும் அதிகாரமும் இருக்காது. அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: அந்த ஓவியங்கள் இல்லாமல் வகுப்பு நடக்காது என்று வளாகத்தில் உள்ளவர்களை உணரவைப்பது. ரோஸைக் காப்பாற்றியதில் அப்படி உணர்ந்தவர்களுக்கும் பங்கு உண்டு.