நிலத்தின் விலை வருமானமா?

1972-ல் கலிஃபோர்னியாவின் பூர்வகுடி மக்களுக்கு அமெரிக்க அரசிடமிருந்து காசோலை வந்தது. ஆளுக்குச் சுமார் 668 டாலர். 19-ஆம் நூற்றாண்டில் பறிபோன 6 கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தின் விலை அது. 1964-ல் பேசி முடித்த மொத்தத் தொகை 2 கோடியே 91 லட்சம் டாலர். ஏக்கருக்கு அரை டாலர்கூட இல்லை! தங்கம் வெட்டியெடுத்த மண் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விலை குறைவு என்பது ஒரு பக்கம். இப்படிப் பணம் வாங்கும் ஒருவர் ஏற்கெனவே அரசின் ஏழ்மை உதவித்தொகையில் வாழ்பவராக இருந்தால்? வருமானம் வந்துவிட்டது என்று உதவியைக் குறைக்கலாமா?

கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு விடை எளிது. வாடகை, சம்பளம் எல்லாம் வருவாயின வரவு. சொத்தை விற்ற பணம் முதலின வரவு. மாட்டை விற்றவன் அன்றைக்குப் பணக்காரன் ஆகிவிடவில்லை, மாடு போய்ப் பணம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இங்கோ மாடு போய் நூறு வருஷம் கழித்துத்தான் பணமே வருகிறது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பழங்குடிகளின் நில வழக்குகளை விசாரிக்க 1946-ல் ஒரு ஆணையம் அமைத்தார்கள். நிலம் பறிபோன நாளில் இருந்த மதிப்பைத்தான் அது கணக்கில் எடுத்தது, பெரும்பாலும் வட்டி கிடையாது. அதோடு, அரசு அந்த இனத்துக்கு முன்பு "இலவசமாக"ச் செய்த செலவுகளை இழப்பீட்டிலிருந்து கழிக்கவும் சட்டம் இடம் கொடுத்தது. அதாவது தாத்தா வாங்கித் தின்ற ரேஷன் நிலத்தின் விலையில் கழியும், மீதி வரும் நிலத்தின் விலை பேரனின் உதவித்தொகையில் கழியும். ஒரே பேரேட்டில் இரண்டு பக்கமும் பற்று!

இந்த இரண்டு ஓட்டையையும் அடுத்தடுத்த வருடங்களில் அடைத்தார்கள். ஆணையம் வழங்கும் தீர்ப்புப் பணத்தைப் பிரித்துக் கொடுக்க அதுவரை வழக்குக்கு வழக்கு தனிச்சட்டம் வேண்டியிருந்தது. 1973-ல் பொதுச்சட்டம் வந்தது. அதன்படி தலைக்கு இவ்வளவு என்று பங்கிடும் பணத்துக்கு வருமான வரி இல்லை, சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் உதவிகளைக் குறைக்கவும் அதைக் காரணம் காட்டக்கூடாது. 1974-ல் சியூ இனத்தாரின் கருங்குன்று வழக்கை ஒட்டி, உணவுக்கும் ரேஷனுக்கும் ஆன செலவை இழப்பீட்டில் கழிக்கக்கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டது. (1980-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த 10 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை சியூ மக்கள் இன்றுவரை தொடவில்லை. அவர்கள் கேட்பது நிலத்தை.)

1983-ல் மற்ற மத்திய அரசுத் திட்டங்களுக்கும் விலக்கு நீண்டது, ஆனால் 2000 டாலர் வரைதான். அன்றைய 2000 இன்றும் 2000-ஆகவே நிற்கிறது. சூதாட்ட விடுதி லாபத்தில் வரும் பங்குக்கு இந்த விலக்கு கிடையாது, அது வரிக்கும் உட்பட்ட வருமானம். அதில் குறை சொல்ல இடமில்லை.

பூர்வகுடிகளின் நிலக் கணக்குகளை அரசு ஒழுங்காகப் பராமரிக்கவில்லை என்று எலூயிஸ் கோபெல் என்ற பெண்மணி 1996-ல் தொடுத்த வழக்கு, 2009-ல் 340 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. 2010-ல் வந்த சட்டம் அந்தப் பணத்துக்கு ஓராண்டு மட்டுமே விலக்கு தந்தது. முதியோரும் ஊனமுற்றோரும் வாங்கும் வருமான உதவிக்கு, தனி நபரின் சேமிப்பு 2000 டாலரைத் தாண்டக்கூடாது என்பது 1989 முதல் விதி. ஆகவே அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் வங்கியில் போட்டு வைத்த பாட்டிக்கு, 13-ஆம் மாதம் அது மறுபடியும் "சொத்து" ஆகிவிடும்.