குடும்பக் குழுப்படத்தின் இருக்கை ஒழுங்கு: வரலாற்றுச் சான்றாகக் கொள்வதில் சில சிந்தனைகள்

முன்னுரை

தமிழகத்துப் பழைய வீடுகளின் கூடத்தில், சுவரின் மேற்பகுதியில், சற்றே முன்சாய்ந்தவாறு மாட்டப்பட்ட குடும்பக் குழுப்படங்களை இன்றும் காணலாம். கூட்டுக்குடும்ப வாழ்வின் நேரடிச் சான்றுகளாக இவற்றைக் கொள்ளும் போக்கு உண்டு. ஆனால் குழுப்படம் தற்செயலாக அமைவதன்று. நாள், இடம், அழைக்கப்படுவோர், அமரும் முறை ஆகிய அனைத்தும் முன்கூட்டியே முடிவுசெய்யப்பட்டவை. அத்திட்டமிடலையும் சேர்த்து வாசித்தால்தான் குழுப்படம் நம்பத்தக்க சான்றாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தொழில்நுட்பம் விதித்த ஒழுங்கு

சென்னையில் ஒளிப்படச் சங்கம் 1856இல் தோன்றியது. லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்தார். 1851இல் அறிமுகமான ஈரத்தகடு முறையில், வேதிப்பொருள் பூசிய கண்ணாடித் தகடு உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். 1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் அறிவித்த உலர்தகடு முறை பின்னர் வணிக உற்பத்திக்கு வந்தபோது இக்கட்டாயம் நீங்கிற்று. ஒளிப்படக்காரர் தகடுகளை எடுத்துக்கொண்டு ஊர்களுக்குச் செல்வது எளிதாயிற்று.

வீட்டு முற்றமே படமெடுக்கும் இடமானால், நேர்வெயில் விழாத, ஆனால் வெளிச்சம் நிறைந்த பொழுதைத் தேர்ந்தாக வேண்டும். சிறுவர் சமுக்காளத்தில் அமர்வர். மூத்தோர் நாற்காலியில் அமர்வர். ஏனையோர் பின்னால் நிற்பர். கடைசி வரிசையினர் விசுப்பலகை மீது ஏறி நிற்பர். எல்லா முகங்களும் மறைவின்றியும் தெளிவாகவும் பதிய இவ்வடுக்கு முறை தேவைப்பட்டது. ஆகவே ஒருவர் பின்வரிசையில் நிற்பதைக் கொண்டு மட்டும் அவருடைய குடும்ப நிலை தாழ்ந்தது எனக் கூறலாகாது. வரிசைகளைக் கருவி விதித்தது. ஒவ்வொரு வரிசைக்குள்ளும் நடு எது, ஓரம் எது என்பதைக் குடும்பமே வகுத்தது. முதிய தம்பதியருக்கு அருகில் அமர்ந்தவர் யார், மருமக்கள் எங்கு நின்றனர் என்பனவே உறவுநிலை பற்றிப் பேசும் இடங்கள்.

நிறம் குறித்தும் எச்சரிக்கை வேண்டும். அக்காலத் தகடுகள் பெரும்பாலும் சிவப்பு ஒளியை உணராதவை. குங்குமமும் சிவப்புச் சேலையும் படத்தில் கருமையாகவே தோன்றும். எனவே கருமையாகத் தெரியும் உடையைக் கொண்டு அதன் நிறத்தை உறுதிசெய்ய இயலாது.

பிரிவுக் காலத்தின் ஆவணம்

திருமணம், மணிவிழா, கடல்கடந்த பயணம் ஆகியன குழுப்படத்திற்குரிய தருணங்களாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளுக்கும் அரசுப் பணியின் பொருட்டு வெளியூர்களுக்கும் குடும்பத்தினர் பிரிந்து சென்றனர். அன்றாடம் கூடியிருந்தோரைவிடப் பிரிந்திருந்தோர்க்கே கூடியிருத்தலின் சான்று தேவைப்பட்டது எனலாம். கல்வியால் ஈட்டிய பொருள் ஈட்டியவரின் தனிச்சொத்தே என 1930ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. கூட்டுக்குடும்பத்தின் பொருளாதாரப் பிணைப்பு தளர்ந்துவந்த காலமே குழுப்படம் பரவிய காலமும் ஆகும்.

நகரத்தார் வழக்கம் இதனை மேலும் தெளிவாக்கும். அச்சமூகத்தில் மணமான ஒவ்வோர் இணையும் ஒரு ‘புள்ளி’. ‘வேறு வைத்தல்’ முறைப்படி, ஒரே வளவில் வாழ்ந்தும் மணமான மகன் தனியே சமைத்து உண்பான். படத்தில் ஒரு குடும்பமாகத் தோன்றுவோர் அடுப்பளவில் பல குடும்பத்தினராக இருத்தல் கூடும்.

ஒரு முகத்தின் பிற்கால வாழ்வு

முழுத்தகடு எனப்பட்ட அளவு 8½ × 6½ அங்குலம். அதன் அகலத்தில் பன்னிருவர் நெருங்கி நின்றால் ஒருவருக்குக் கிடைப்பது முக்கால் அங்குலத்திற்கும் குறைவு. முகம் ஏறத்தாழ கால் அங்குலமே. தனிப்படம் எடுத்துக்கொள்ளாமல் இறந்தவர்க்கு அந்தக் கால் அங்குலமே எஞ்சிய உருவமாயிற்று. அம்முகத்தைப் பெரிதாக்கி, மைதீட்டித் திருத்தி, மாலையிடும் படமாக மாற்றினர். படமெடுக்கும் நாளில் அழைக்கப்படாதவருக்கும் வர இயலாதவருக்கும் இவ்வாய்ப்பும் இல்லாது போயிற்று. ஆதலின் படத்தில் இல்லாதவர் யார் என்னும் வினா, இருப்பவர் யார் என்னும் வினாவுக்கு நிகரான முதன்மை உடையது.

முடிவுரை

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்ட உதவியுடன், தமிழகத்து நிலையப் படங்களை எண்ணிம வடிவில் பாதுகாத்துள்ளது. இத்தகைய முயற்சிகளின் பயன் முழுமையடைய, படத்தின் முன்பக்கத்தோடு பின்பக்கக் குறிப்பு, ஒட்டட்டை, நிலைய முத்திரை ஆகியனவும் பதிவாக வேண்டும். அவற்றினும் விரைந்து செய்யத்தக்கது ஒன்றுண்டு. படத்திலுள்ளோரின் பெயரையும் உறவையும், வராதவர் வராமைக்கான காரணத்தையும் சொல்லவல்ல முதியோர் குறைந்து வருகின்றனர். அவர்தம் வாய்மொழி பதிவாகாவிடில், படம் எஞ்சினும் அதன் திட்டம் மறைந்துவிடும். எஞ்சுவது பெயரற்ற முகங்களின் வரிசையே.