பதிவேட்டில் ஒரு சொல்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிறப்பு, இறப்பு, திருமணம் பதியும் பிரிவை அங்கே ‘எத்தா சிவில்’ என்போம். பிறகு அரசு குமாஸ்தாவாகப் பதிவேடுகளோடுதான் என் காலம் கழிந்தது. அதனால் இன்று ஒரு பழைய பதிவேட்டைப் பற்றி எழுதுகிறேன்.

1986ல் உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலைகள் பத்திரிகையில் வந்து நாடே பேசியது. 1992ல் முதல்வர் ஜெயலலிதா சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். ஆனால் எத்தனை குழந்தைகள் போகின்றன என்ற கணக்கு போலீஸ் ஸ்டேஷனில் கிடைக்காது. வீட்டுக்குள் நடப்பதை யார் புகார் கொடுப்பார்கள்?

கணக்கு இருந்த இடம் ஆரம்ப சுகாதார நிலையம். சுமார் 5,000 பேருக்கு ஒருவராக இருந்த கிராம சுகாதார செவிலியர்கள், இப்படிப்பட்ட சாவுகளுக்கு இறப்புக் காரணமாக எழுதிய சொல் ‘சமூகக் காரணம்’. பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் 1995ம் ஆண்டுப் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 பெண் சிசுக்கள் என்று தெரியவந்தது. மதுரை, சேலம், தர்மபுரிப் பக்கங்களில்தான் அதிகம்.

1996ல் ஜெனிவாவில் உலக சுகாதார சபை, வன்முறையும் பொதுச் சுகாதாரப் பிரச்சினையே என்று தீர்மானம் போட்டது. இங்கே அது நடைமுறைக்கே வந்தது. டென்மார்க்கின் டானிடா உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் ‘கலைப்பயணம்’ என்ற தெரு நாடகம் கிராமம் கிராமமாகப் போயிற்று. தடுப்பூசியும் பிரசவமும் கற்றிருந்த செவிலியர் வேறொரு வேலையும் கற்றார்: ஏற்கெனவே பெண் குழந்தை உள்ள கர்ப்பிணிகளைக் குறித்துவைப்பது, கணவனிடமும் மாமியாரிடமும் பேசுவது, பிரசவமான பின் முதல் நாட்களில் அடிக்கடி போய்ப் பார்ப்பது. போலீஸ் சம்பவத்துக்குப் பிறகு வரும். செவிலியர் அதற்கு முன்பே வாசற்படி ஏறுகிறவர்.

சேலம் மாவட்டத்தில் 2001ல் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். 2011ல் அது 900ஐத் தாண்டியது. முழுப் பெருமையும் செவிலியர்களுக்கே என்று சொல்லமாட்டேன்; சட்டமும் படிப்பும் சம்பாத்தியமும் சேர்ந்தே வேலை செய்தன. ஸ்கேன் என்ற வேறு வழியும் வந்துவிட்டது.

எங்கள் ராயபுரத்தில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களில் சேலம், தர்மபுரிப் பக்கத்தவர்களும் உண்டு. முப்பது வயதை ஒட்டியவர்களைப் பார்த்தால் அந்த வருஷங்கள் நினைவுக்கு வரும். நம் வீட்டு மருமகளோ பேத்தியோ உண்டானதும் செவிலியர் நோட்டோடு வருவார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுங்கள். கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.