தமுக்கும் டவரும்: எல்லையை அறிவிப்பது பற்றிச் சில குறிப்புகள்

2023 அக்டோபர் 20. கடையத்தில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் ஃபோன், என் ஃபோன், பக்கத்தில் நின்றவர் ஃபோன் என்று அடுத்தடுத்து அலறின. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சோதனைச் செய்தி. நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றது. "ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொல்லுததுக்கா அண்ணாச்சி இம்புட்டுக் கத்து கத்துது?" என்றார் கடைக்காரர்.

சிரித்துவிட்டு வந்தாலும் கேள்வி போகவில்லை. எஸ்.எம்.எஸ். போல இது எண் பார்த்து வருவதில்லை. டவரின் எல்லைக்குள் இருக்கும் ஃபோன்கள் அத்தனைக்கும் ஒரே வீச்சில் போகிறது. யார் கேட்டார்கள் என்று அனுப்புகிறவனுக்குத் தெரியவேண்டியதில்லை. அந்த அளவில் இது நம்மை உளவு பார்க்கவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளத்துக்கும் புயலுக்கும் என்று வந்தது. ஆனால் 2025 மே 7 போர்க்கால ஒத்திகையில் நாடெங்கும் சங்கு ஊதியபோது, புயலுக்கான குரலும் எல்லைக்கான குரலும் ஒரே தொண்டையிலிருந்துதான் வரும் என்பது விளங்கிப்போயிற்று.

இந்தக் குரலுக்கு எங்கள் பக்கத்தில் பழைய பெயர் தமுக்கு. வரி, ஏலம், தடை உத்தரவு எல்லாம் அதன் வழியாகத்தான் தெருவுக்கு வந்தன. அடித்தவர் சேரியிலிருந்து வந்தவர். அரசின் வார்த்தையை ஊர் முழுக்கச் சொன்ன அந்த மனிதருக்குத் தன் வார்த்தை ஒன்றை ஊரிடம் சொல்லும் உரிமை இருந்ததில்லை. தண்டோராவுக்குத் தமிழக அரசு தடை போட்டது 2022 ஆகஸ்டில்தான். அதற்குள் செயற்கைக்கோள்கள் எத்தனையோ மேலே போய்விட்டன.

தெருவில் போலீஸ்காரன் "ஏய்!" என்று கூப்பிட, திரும்பிப் பார்க்கிற கணத்திலேயே ஒருவன் குடிமகனாகிவிடுகிறான் என்பார் அல்தூஸர். எல்லையோரத்தில் அதே கூப்பாடு இன்னொரு வேலையும் செய்கிறது. கேட்டவர்களை இரண்டாகப் பிரிக்கிறது: காட்டிக்கொடுக்க வேண்டியவன், காட்டிக்கொடுக்கப்பட வேண்டியவன்.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டான். சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1 வரை அப்படித்தான். தென்காசியிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை, அங்கே வேறு ராஜா, வேறு போலீஸ். சந்தைக்கும் சம்பந்தத்துக்கும் போகிற சனங்களுக்கு அந்தக் கோடு பெரிய விஷயமாக இருந்திருக்காது. பிரிட்டிஷ் போலீசுக்கு அது தலைவலி. ரயில் ஸ்டேஷனுக்குத் தந்தி இருந்தது, தெருவுக்குத் தமுக்கு இருந்தது. இரண்டும் இருந்தும் ஓட்டப்பிடாரம் மாடசாமி கடைசி வரை பிடிபடவில்லை. சனம் காதில் வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் அறிவிப்பு என்ன செய்யும்?

அதே 1911இல்தான் குற்றப் பரம்பரைச் சட்டம் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன் சூட்சுமமே 'அறிவிக்கை' என்ற சொல்லில் இருக்கிறது. கெஜட்டில் ஒரு வரி அச்சானால் ஒரு சாதி முழுவதும் பிறவிக் குற்றவாளி. அந்த அறிவிக்கை செல்லுமா என்று கேட்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் கிடையாது. கைரேகை பதிந்து, ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுத்த மறவர், கள்ளர் குடும்பங்களின் கதை தெற்கே இன்னும் பேச்சில் உண்டு. எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி பேசியது. 1947இல் சென்னை மாகாணம் சட்டத்தை நீக்கியது. 'சீர்மரபினர்' என்ற இன்றைய பெயருக்குள் அந்தப் பழைய அறிவிக்கை இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே எல்லை என்றால் நாட்டின் ஓரத்தில் போடுகிற வேலி என்று மட்டும் நினைக்க வேண்டாம். மனித உடம்பிலும் அதைப் போடலாம்.

கடையத்துக்கு இது புதிதில்லை. பாண்டிச்சேரி எல்லையைத் தாண்டி 1918 நவம்பர் 20 அன்று கடலூர்ப் பக்கம் கால் வைத்த பாரதியைப் பிடித்தார்கள். டிசம்பர் 14 அன்று விட்டபோது போட்ட நிபந்தனைகள்: திருநெல்வேலி ஜில்லாவை விட்டுப் போகக் கூடாது, எழுதுவதைப் போலீசிடம் காட்டித்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அவர் வந்து சேர்ந்தது செல்லம்மாளின் ஊரான இந்தக் கடையத்துக்கு. ஊரில் சிலை வைத்திருக்கிறோம், விழா எடுக்கிறோம். ஒரு கவிஞனைக் கொண்டுவந்து அடைத்துவைத்த ஊர் இது என்று மேடையில் யாரும் சொல்வதில்லை.

இன்றைக்கு நமக்குக் காவல் போட்ட எல்லை கடலில் இருக்கிறது. 1974, 1976 ஒப்பந்தங்களில் வரைந்த கோடு தண்ணீரில் தெரியாது. அதனால் படகில் கருவி பொருத்துகிறார்கள், கோட்டை நெருங்கினால் எச்சரிக்கும். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இலங்கைக் கடற்படை பிடித்துப்போய் மாதக்கணக்கில் சிறையில் கிடப்பவர்களின் வீடுகளில் போய் அப்படிச் சொல்ல முடியாது. நம் விசைப்படகின் இழுவைமடி அறுத்துக்கொண்டு போன வலைக்காக அழுகிற எதிர்க்கரைத் தமிழனையும் மறந்துவிட முடியாது. ஆனால் அந்தக் கருவியில் 'ஆபத்து' என்று பதில் அனுப்ப வழி உண்டு, 'என் பாட்டனும் இங்கேதான் வலை விட்டான்' என்று அனுப்ப வழி இல்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வந்தது. குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் அதற்குப் பல நாள் முன்பே கடலுக்குள் போயிருந்தார்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. கேரளத்தையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. தங்கள் ஆட்களைத் தேடச் சொல்லி அந்தச் சனங்கள் குழித்துறையில் ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அரசுக்கு அவர்கள் அனுப்ப முடிந்த செய்தி அது ஒன்றுதான்.