"நம்ம ஊர் எது வாப்பா?"



இன்று ஒக்டோபர் 30. 35 வருடங்கள் நிறைவடைந்துவிட்டன. வருடாவருடம் இந்த நாளில் பழைய படங்களைப் பகிர்கிறோம், துஆ கேட்கிறோம், மறுநாள் அவரவர் வேலைக்குப் போய்விடுகிறோம். இம்முறை ஒரு சின்னப் பிள்ளை கேட்ட கேள்வியிலிருந்து கொஞ்சம் வரலாறு எழுத நினைத்தோம். பதிவு நீளமானது. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

இரண்டாம் தரப் பிள்ளைகளிடம் "எனது ஊர்" என்று ஐந்து வசனம் எழுதச் சொல்வது எங்கள் வகுப்பறைகளில் வழமை. இந்த வருடம் எங்கள் மகளே கொப்பியும் பென்சிலுமாக வந்து நின்றாள். "நம்ம ஊர் எது வாப்பா? புத்தளமா, யாழ்ப்பாணமா?"

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்லிக் கொடுக்கிற எங்களுக்கு அந்த இடத்தில் வாய் வரவில்லை. அவள் பிறந்தது புத்தளத்தில். படிப்பது புத்தளத்தில். ஆனால் அவளுடைய பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பிறந்த இடம் என்று யாழ்ப்பாணம் எழுதியிருக்கிறது. அந்த ஒரு சொல்லைத் தவிர யாழ்ப்பாணத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே விடுமுறை விட்டதும் உம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று தலைமுறையாகப் புறப்பட்டோம். போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

"ஊருக்குப் போறோம்" என்ற சொல் நம் சமூகத்துக்குள் எப்படியெல்லாம் மாறி வந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

1990க்கு முன்னர் அது மிகச் சாதாரணமான சொல். சோனகத் தெருவிலிருந்து கொழும்புக்கும் மற்ற ஊர்களுக்கும் வியாபாரத்துக்கும் தொழிலுக்கும் போனவர்கள் பெருநாளைக்குப் பிள்ளைகளோடு ஊர் திரும்புவார்கள். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி அந்தப் பயணத்தை ஒரு பகல் பொழுதுக்குள் அடக்கியது. மன்னார்த் தீவுக்காரர்களுக்குத் தலைமன்னார் ரயில் இருந்தது. பிள்ளைக்கு ஊரைக் காட்ட வேண்டிய தேவையே அன்று இருக்கவில்லை. வாப்பும்மாவும் உம்மும்மாவும் ஒரே தெருவில் இருந்தார்கள். சாச்சா வீட்டில் சாப்பிட்டு மாமி வீட்டில் தூங்கி எழும்பினால் பிள்ளை ஊரைப் படித்துவிடும்.

அந்தத் தெருப் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம், பின்னர் 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபர், அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். குர்ஆன் மத்ரஸாவில் ஓதி, வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். ஒரு முஸ்லிம் பிள்ளை காலையில் ஓதிவிட்டு, பகலில் இந்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, முழுமையான முஸ்லிமாகவும் முழுமையான யாழ்ப்பாணத்தவராகவும் வளர முடிந்த காலம் அது.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. யாழ்தேவி நின்றது. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் ஏறாவூர். கிழக்கு எரிந்துகொண்டிருந்தபோதும் "வடக்கில் நமக்கு அப்படி வராது" என்றுதான் எங்கள் பெரியவர்கள் நம்பியிருந்தார்கள். ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். மாதக் கடைசியில் மன்னார்த் தீவில் ஒலிபெருக்கி அறிவித்தல். எருக்கலம்பிட்டிச் சனம் வள்ளங்களில் ஏறிக் கடல் வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கியது. மன்னார் மாவட்டத்தில் 1981 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ நான்கில் ஒருவர் முஸ்லிம். அவர்கள் சில நாட்களுக்குள் இல்லாமல் ஆனார்கள்.

யாழ்ப்பாண நகருக்கு ஒக்டோபர் 30 காலை வந்தது. ஜின்னா மைதானத்தில் கூடச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். பணம், நகை, காணி உறுதி எல்லாம் விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. பெண்பிள்ளைகளின் காதுத் தோடுகள்கூடக் கழற்றப்பட்டன. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் இப்படி வெளியேற்றப்பட்டதாகவே பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது.

அன்று இடுப்பில் தூக்கி வரப்பட்ட பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. உம்மா சொல்லித்தான் தெரியும். எங்களுக்காக எடுத்த பால்மா டின்னை சோதனை செய்த இடத்தில் ஒரு துணியில் கவிழ்த்து, உள்ளே நகை இருக்கிறதா என்று விரலால் கிளறிப் பார்த்தார்களாம். பிறகு அந்தப் பால்மாவை அப்படியே அள்ளிப் போட்டுக் கொடுத்தார்களாம். வவுனியா வந்து சேரும்வரை மண் கலந்த அந்தப் பால்மாவைத்தான் கரைத்துக் கொடுத்ததாக உம்மா சொல்லுவார். வீடு போனதைச் சொல்லும்போது அவர் அழமாட்டார். இதைச் சொல்லும்போது மட்டும் அழுவார்.

புத்தளம் நம்மை ஏற்றுக்கொண்டது. பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள், வீட்டில் ஆக்கிய சோற்றைப் பகிர்ந்தார்கள். தில்லையடி, ஆலங்குடா, நுரைச்சோலை என்று கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. பின்னாளில் தொழிலுக்கும் தண்ணீருக்கும் பாடசாலை அனுமதிக்கும் போட்டி வந்து மனக்கசப்புகள் உண்டானது உண்மை. ஆனாலும் முதல் நாள் தந்த சோற்றை மறந்தால் நாம் நன்றி கெட்டவர்கள் ஆகிவிடுவோம்.

அதன் பிறகு 12 வருடங்கள் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு "ஊருக்குப் போறோம்" என்ற சொல்லே இல்லாமல் போனது. ஊர் என்பது முகாமில் இரவு நேரத்தில் பெரியவர்கள் பேசுகிற கதையாக இருந்தது. எந்த வளவில் எந்த மாமரம், எந்தக் கிணறு நல்ல தண்ணீர் என்று கேட்டுக்கேட்டே நாங்கள் வளர்ந்தோம்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம். ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. அதே மாதம் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் வெளியேற்றத்துக்காக அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். முஸ்லிம்கள் திரும்பி வரலாம் என்றும் சொல்லப்பட்டது. நம்மவர்கள் வான் பிடித்துப் போனார்கள். புத்தளத்தில் பிறந்த 10, 11 வயதுப் பிள்ளைகள் முதன்முதலாக ஊரைப் பார்த்தார்கள். கண்டது என்ன? கூரை இல்லை, கதவு நிலை இல்லை, அறைக்குள் மரம் வளர்ந்து நின்றது. கதையில் கேட்ட ஊருக்கும் கண்ணில் கண்ட ஊருக்கும் சம்பந்தம் இருக்கவில்லை. எங்களோடு வந்த ஒரு பையன் "இதுக்கா இவ்வளவு அழுதீங்க?" என்று தன் தகப்பனைக் கேட்டான். 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடியது.

2009 மேயில் போர் முடிந்தது. அதன் பிறகு திரும்பியவர்கள் பலர். ஆனால் 1990இல் ஒரு வீட்டிலிருந்து வெளியேறிய ஒரு குடும்பம் 20 வருடத்தில் நான்கு ஐந்து குடும்பமாகியிருந்தது. உறுதியோ ஒன்றுதான், காணியோ சில பரப்புத்தான். பிள்ளைகளின் படிப்பு புத்தளத்தில் வேரூன்றிவிட்டது. ஆகவே வாப்பா யாழ்ப்பாணத்தில் கடை, உம்மாவும் பிள்ளைகளும் புத்தளத்தில் என்று குடும்பங்கள் இரண்டாகின. முன்னர் வெளியூரில் தொழில் செய்தவர் பெருநாளைக்கு ஊருக்கு வருவார். இப்போது ஊரில் தொழில் செய்பவர் பெருநாளைக்குப் புத்தளத்துக்கு வருகிறார். பயணத்தின் திசையே மாறிவிட்டது. போரில் தண்டவாளம்கூடக் கழற்றப்பட்ட அந்த ரயில் பாதை 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வரை போனது. ஆனால் பெருநாள் இரவில் அதில் வந்து இறங்க நம் பிள்ளைகள் அங்கே அதிகம் இல்லை.

இனி எங்கள் பயணத்தின் மற்றக் காரணம். சோனகத் தெருவில் வாப்பாவின் வாப்பா கட்டிய வீட்டில் சாச்சா மட்டும் மீள்குடியேறி இருக்கிறார். வாப்பா புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார். கூடப் பிறந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமாக வாரிசுகள் இப்போது 23 பேர். புத்தளம், கொழும்பு, பாணந்துறை, இரண்டு வெளிநாடுகள். விற்றுப் பங்கு பிரிப்பதா வேண்டாமா என்று எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். போனதும் சாச்சா நேராகவே கேட்டார்.

"பிள்ளையள் வருவாங்களா, வரமாட்டாங்களா? அதை மட்டும் சொல்லுங்க. வரமாட்டாங்க எண்டா வித்துப்போட்டுப் பிரிப்பம். எனக்கும் வயசு போகுது. ஆருக்காக நான் இந்த வீட்டைக் கூட்டிக்கொண்டு இருக்கிறது?"

பதில் சொல்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு தெருவைக் காட்டப் போனோம். உஸ்மானியாக் கல்லூரி, பள்ளிவாசல், இன்னும் திருத்தாமல் கிடக்கிற வீடுகள். ஒரு குண்டு துளைத்த சுவரின் முன் நிறுத்திப் படம் எடுத்தோம். "பார், இது நம்ம ஆக்களின் வீடு" என்றோம். அவள் வெயில் என்றாள், தண்ணீர் கேட்டாள். 2002இல் அந்தப் பையன் கேட்டதுதான் ஞாபகம் வந்தது.

பின்னேரம் சாச்சா ஒரு தையல் கடைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரர் வயதான தமிழர். உம்மாவைக் கண்டதும் எழும்பி நின்றார். மகளைக் கிட்டக் கூப்பிட்டு அளவு நாடாவைத் தோளில் வைத்து அளந்தபடியே சொன்னார்: "உன்ர பூட்டன்தான் பிள்ளை எனக்குக் கத்தரிக்கோல் பிடிக்கப் பழக்கினவர். முதல் கிழமை முழுக்கக் கடதாசிதான் வெட்ட விட்டவர்." மகளுக்கு அது பிடித்துக்கொண்டது. தானும் கடதாசி வெட்ட வேண்டும் என்றாள். அவரும் ஒரு பழைய பத்திரிகையைக் கொடுத்து, சட்டைக் கை எப்படி வெட்டுவது என்று காட்டினார்.

தேநீர் வந்தது. அவர் உம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அண்டைக்கு நாங்கள் ஒண்டும் கதைக்கேல்லை தங்கச்சி. கதைக்கேலாமல் இருந்தது." உம்மா பதில் சொல்லவில்லை. தேநீரை முழுவதும் குடித்து முடித்தார். வெளியே வரும்போது மட்டும், "பிள்ளைக்கு ஒரு சட்டை தைச்சு வைங்க அண்ணன், அடுத்த முறை வந்து எடுக்கிறம்" என்றார்.

அடுத்த முறை என்ற அந்தச் சொல்லை உம்மா 35 வருடத்தில் ஊரைப் பற்றிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

இந்தப் பதிவில் நாம் சொல்ல வந்ததும் இதுதான். நம் பிள்ளைகளுக்கு இடிந்த சுவரைக் காட்டிவிட்டு அன்றே திரும்பிவிடுகிறோம். சுவரைப் பார்த்து ஒரு பிள்ளை ஊரைப் படிக்க முடியாது. அதிகபட்சம் கோபத்தைப் படிக்கலாம். அந்தக் கோபம் நியாயமானது, அதை மறைக்கச் சொல்லவில்லை. 1990இல் நடந்ததை நடந்தபடி பிள்ளைக்குச் சொல்ல வேண்டும், நம் வீட்டில் நாமே சொல்ல வேண்டும். ஆனால் அதோடு மனிதர்களையும் காட்ட வேண்டும். திரும்பிப் போய் ஊரைக் காத்துக்கொண்டிருக்கிற சாச்சா, மாமிமாரையும், நம் பெரியவர்களை இன்னும் பெயர் சொல்லி நினைவு வைத்திருக்கிற அயலவர்களையும் காட்ட வேண்டும். உறுதி இல்லாவிட்டாலும் உறவு இருந்தால் ஊர் இருக்கும். உறவு போனால் உறுதி விற்பனைக்குத்தான் உதவும்.

இதில் குற்றம் வெளியில் மட்டும் இல்லை. அரசாங்கங்கள் மீள்குடியேற்றத்தைக் கவனிக்கவில்லை என்று பேசுகிற நாமே, அங்கே தனியாக இருக்கிற நம் பெரியவர்களை வருடத்தில் எத்தனை நாள் போய்ப் பார்த்தோம்? காணி விலை ஏறியதும் தொலைபேசி எடுத்த நாம், அதற்கு முன்னர் ஏன் எடுக்கவில்லை? இந்தக் கேள்வி முதலில் எங்களுக்குத்தான்.

1990இல் 30 வயதாக இருந்தவர்களுக்கு இப்போது 65. ஊரை அறிந்த கடைசித் தலைமுறை அவர்கள். ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் உங்கள் பிள்ளையை ஊருக்குக் கூட்டிப் போகும்போது ஒரு பெரியவரையும் கூட்டிப் போங்கள். ஒரு நாளில் திரும்பாமல் இரண்டு இரவாவது தங்குங்கள். பெரியவர் சொல்கிற ஒழுங்கையின் பெயர், கிணறு, அயல்வீட்டார் பெயர் எல்லாவற்றையும் பிள்ளையின் கையாலேயே ஒரு கொப்பியில் எழுத விடுங்கள். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா உறவுகளுக்கும் இதையே சொல்கிறோம்.

சாச்சாவிடம் ஒரு வருடத் தவணை கேட்டிருக்கிறோம். வரும் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு 23 பேரில் வரக்கூடியவர்கள் பிள்ளைகளோடு அந்த வீட்டில் கூடுவதென்று பேச்சு. அதன் பிறகும் விற்பதென்றால் விற்கலாம். ஆனால் பிள்ளைகள் அந்தக் கிணற்றில் ஒரு முறையாவது குளித்த பிறகு முடிவெடுப்போம் என்றோம். சாச்சா "ம்" என்றார். சம்மதமா, சலிப்பா என்று தெரியவில்லை. மறுநாள் காலை கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

மகள் கொப்பியில் எழுதிய ஐந்து வசனங்களில் மூன்றாவது: "எங்கள் ஊரில் ஒரு தையல் கடை இருக்கிறது." நான்கு பிழைகள் இருந்தன. மற்றவற்றைத் திருத்தினோம், அந்த வசனத்தில் கை வைக்கவில்லை.

வெளியேற்றத்தில் எல்லாவற்றையும் இழந்து, ஊரைக் காணாமலே மௌத்தான நம் பெற்றோருக்கும் மூத்தோருக்கும் அல்லாஹ் உயர்ந்த சுவனத்தை வழங்குவானாக. ஆமீன்.

உங்கள் பிள்ளைகள் கடைசியாக ஊருக்குப் போனது எப்போது? அங்கே யாரைச் சந்தித்தார்கள்? கீழே எழுதுங்கள். வாசிக்கக் காத்திருக்கிறோம்.