போலீஸ் துரத்தினால் பாயிண்ட்

சென்ற தீபாவளிக்கு மகன் வந்திருந்தான். பரணில் எதையோ தேடும்போது அவனுடைய பழைய சி.டி. பெட்டி கிடைத்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து என் பழைய கணினியில் ஏற்றிவிட்டு, "அன்னிக்கு இதுக்காகத்தானே என்னைத் திட்டினீங்க? இப்ப நீங்களே ஆடிப் பாருங்க" என்று நாற்காலியை என் பக்கம் தள்ளினான்.

'நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்' என்ற கார் விளையாட்டு அது. 2005 நவம்பரில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவன் பிளஸ் ஒன். அந்த வருடம் முழுவதும் எங்கள் வீட்டில் சைரன் சத்தமும் என் சத்தமும் மாறி மாறிக் கேட்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கணினியின் பவர் கேபிளைப் பிடுங்கி, டிபன் பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கே போய்விட்டேன்.

சரி, ஆடினேன். ஒரு நகரம். அகலமான சாலைகள். கொஞ்சம் வேகமாகப் போனதும் பின்னால் சைரன் கேட்டது. நாற்பது வருட பழக்கம், இண்டிகேட்டர் எங்கே என்று தேடினேன். கிடைக்காததால் அப்படியே ஓரம் கட்டி நிறுத்தினேன். சில விநாடிகளில் கைதாகி ஆட்டம் முடிந்தது. மகன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நிறுத்தக் கூடாதுப்பா. போலீஸ் துரத்தினாதான் பாயிண்ட்டே."

அந்த வார்த்தை மனதில் தங்கிவிட்டது. 32 ஆண்டுகள் பொதுத்துறை இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்றில் மோட்டார் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்தவன் நான். போலீஸ் துரத்தியதற்காகப் பரிசு தரும் கணக்கை அங்கே பார்த்ததில்லை. இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று அவன் ஊருக்குப் போன பிறகு தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் எழுதுகிறேன்.

கதை விளையாட்டில் தொடங்கவில்லை, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே இளைஞர்களிடையே ஒரு பித்து. பழைய கார்களை மலிவாக வாங்கி, தேவையில்லாத பாகங்களைக் கழற்றி எடை குறைத்து, இன்ஜினைத் தட்டிக்கொட்டி வேகம் ஏற்றுவார்கள். 'ஹாட் ராட்' என்று அதற்குப் பெயர். பகலில் வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டியவர்கள், இரவில் ஊர்ச் சாலைகளிலும் பந்தயம் விட்டார்கள். 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் 'நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பந்தயத்தைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்தி, விதிகளோடு ஓரிடத்தில் நடத்துவது நோக்கம். அதன் முதல் அதிகாரபூர்வப் பந்தயம் 1953-இல் பொமோனா என்ற ஊரில், கண்காட்சி மைதானத்தின் வாகன நிறுத்துமிடத்தில் நடந்தது. உள்ளூர்க் காவல்துறையும் அதற்கு ஆதரவு தந்தது.

அதாவது, போலீசும் பந்தயக்காரர்களும் உட்கார்ந்து பேசி, 'தெரு வேண்டாம், மைதானம் எடுத்துக்கொள்' என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். நல்ல முடிவுதான். ஆனால் மைதானத்தில் நேராக ஓடுவதில் இல்லாத ஒரு கிளுகிளுப்பு தெருவில் இருக்கிறது என்பதைச் சினிமாக்காரர்கள் கண்டுகொண்டார்கள். 1968-இல் வந்த 'புல்லிட்' படத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் மேடுபள்ளத் தெருக்களில் நடக்கும் கார் துரத்தலை இன்றைக்கும் பேசுகிறார்கள். விளையாட்டுக்காரர்கள் பின்னால் வந்தார்கள்.

1987-இல் 'டெஸ்ட் டிரைவ்' என்றொரு கணினி விளையாட்டு வந்தது. செய்தவர்கள் கனடாவில் வான்கூவருக்குப் பக்கத்தில் இருந்த டிஸ்டிங்க்டிவ் சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தார். ஃபெராரி, போர்ஷே, லம்போர்கினி உட்பட ஐந்து கார்கள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம் என்று மலைப்பாதை. காருக்குள் ராடார் கண்டறியும் கருவி இருக்கும். அது கத்தினால் அருகில் போலீஸ் இருக்கிறது என்று பொருள், வேகத்தைக் குறைக்க வேண்டும். போலீஸ் கார் முந்திவிட்டால் ஓரம் கட்டி அபராதச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நம் ஊரில் முன்னால் 'செக்கிங்' இருப்பதை எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை அணைத்துப் போட்டுச் சொல்வாரே, அதே வேலையைத்தான் அந்தக் கருவி செய்தது. இங்கே போலீஸ் ஒரு தண்டனை. மாட்டினால் நேரம் போச்சு.

அடுத்த ஆண்டே ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 'சேஸ் எச்.கியூ.' என்று காசு போட்டு ஆடும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் ஆடுகிறவரே போலீஸ். தப்பி ஓடும் குற்றவாளியின் காரை நேரம் முடிவதற்குள் எட்டிப் பிடித்து, இடித்து இடித்தே நிறுத்த வேண்டும். குற்றவாளியைப் பிடித்தால் வெற்றி. இந்த நியாயமும் நமக்குப் புரிகிறது.

டிஸ்டிங்க்டிவ் சாஃப்ட்வேரை 1991-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது. அந்தக் கனடாக் கிளையிலிருந்து 1994-இல் முதல் 'நீட் ஃபார் ஸ்பீட்' வந்தது. 'ரோடு அண்ட் டிராக்' என்ற கார் பத்திரிகையின் உதவியோடு ஒவ்வொரு காரின் ஓட்டத்தையும் அசலுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். அதிலும் போலீஸ் பிடித்தால் சீட்டுத்தான். சீட்டுகள் சேர்ந்தால் கைது.

அதே 1994 ஜூன் 17 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு சம்பவம். கொலை வழக்கில் தேடப்பட்ட முன்னாள் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் ஒரு வெள்ளை ஃபோர்டு பிராங்கோவில் போக, போலீஸ் கார்கள் வரிசையாகப் பின்தொடர, ஹெலிகாப்டர்களிலிருந்து தொலைக்காட்சிகள் நேரடியாக ஒளிபரப்பின. சுமார் 9.5 கோடி பேர் பார்த்ததாகக் கணக்கு. பாலங்களின் மேல் ஜனங்கள் நின்று கையசைத்தார்கள். போலீஸ் துரத்துவது பார்க்கத்தக்க காட்சியாகிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

1998-இல் இந்த வரிசையின் மூன்றாவது விளையாட்டு வந்தது. பெயரிலேயே 'ஹாட் பர்சூட்', அதாவது விடாத் துரத்தல். சாலைத் தடுப்பு, டயரைக் கிழிக்கும் முள்பட்டை எல்லாம் வந்தன. வேண்டுமானால் நாமே போலீசாகவும் ஓட்டலாம். பிறகு 2001-இல் 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படம் வந்து தெருப்பந்தயம் உலகெங்கும் பரவிய சூட்டில், 2003-இல் 'அண்டர்கிரவுண்ட்' வந்தது. முழுக்க இரவுத் தெருப்பந்தயம். ஆனால் போலீசே கிடையாது.

அந்தக் குறையை வட்டியும் முதலுமாகத் தீர்த்ததுதான் என் மகனின் 2005 விளையாட்டு. ராக்போர்ட் என்ற கற்பனை நகரம். போலீஸ் தேடும் 15 பந்தயக்காரர்களின் பட்டியல் ஒன்று. அதில் ஒவ்வொருவராகத் தோற்கடித்து மேலே ஏற வேண்டும். ஆனால் பந்தயத்தில் ஜெயித்தால் மட்டும் போதாது. உங்கள் தலைக்குப் போலீஸ் வைத்திருக்கும் விலை ஏற வேண்டும். அதற்குத் துரத்தல் நீண்டுகொண்டே போக வேண்டும், போலீஸ் கார்கள் உடைய வேண்டும். சூடு ஏற ஏறத் தடுப்புகள், முள்பட்டைகள், கனமான வண்டிகள், ஹெலிகாப்டர் என்று வரும். போலீஸ் ஒயர்லெஸ்ஸில் உங்கள் காரின் அடையாளம் சொல்வதுகூடக் காதில் விழும்.

இதில் என்னை நாற்காலியை விட்டு எழ வைத்தது ஒரு சிறு விஷயம். துரத்தல் முடிந்ததும் ஒரு கணக்கு காட்டுகிறார்கள். அதில் 'அரசுக்கு ஏற்பட்ட செலவு' என்று ஒரு வரி, டாலரில்! நான் எத்தனையோ சர்வேயர் அறிக்கைகளில் சேதத் தொகையைச் சரிபார்த்து வெட்டியிருக்கிறேன். இங்கே அந்தத் தொகை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெருமை.

ஆக, 1987-இல் தண்டனையாக இருந்த போலீஸ், 18 வருடத்தில் மதிப்பெண்ணாக மாறிவிட்டது. மகன் சொன்ன ஒரு வரிக்குள் இவ்வளவு சரித்திரம்.

இது தெரிந்த பிறகு நான் ஆடுவதை நிறுத்தினேனா என்றால், இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நன்றாகவே இருக்கிறது. போலீசிடம் தப்பி ஒரு சந்தில் மறைந்து நிற்கும்போது, 68 வயதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

நாலைந்து நாள் ஆடிய பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த ஊரில் நடைபாதை இருக்கிறது. கடைகள் இருக்கின்றன. நடப்பவர்கள் ஒருவர்கூட இல்லை. சாலையைக் கடக்கும் கிழவி இல்லை, சைக்கிள் இல்லை, ஸ்கூல் பிள்ளைகள் இல்லை. மற்ற கார்கள் போகின்றன, அவற்றை இடித்தாலும் யாரும் இறங்கி வருவதில்லை.

எங்கள் தொழிலில் 'தேர்டு பார்ட்டி' என்று ஒரு சொல் உண்டு. பாலிசி எடுத்தவர் முதல் நபர், கம்பெனி இரண்டாம் நபர், இந்த ஒப்பந்தத்தில் சம்பந்தமே இல்லாமல் சாலையில் போய்க்கொண்டிருந்தவர் மூன்றாம் நபர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு, அவருக்கான காப்பீடு இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது. உங்கள் கார் நொறுங்கினால் அது உங்கள் பாடு. அவருக்கு மட்டும் கட்டாயம். என் மேசைக்கு வந்த ஃபைல்களில் முக்கால்வாசி அவருடையவைதான். எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர், பிரேதப் பரிசோதனை அறிக்கை. கடற்கரைச் சாலையில் பையன்கள் பைக் பந்தயம் விட்டபோது அடிபட்டவர் ஒருவர், இரவு ஷிப்ட் முடிந்து நடந்து வந்தவர். மகஜரில் 'காலி டிபன் கேரியர் ஒன்று' என்று எழுதியிருந்தது. தீர்ப்பாயத்தில் அவருடைய வயது, சம்பளம், மனைவி மக்களை வைத்துக் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கைச் சரிபார்த்தது நான்தான்.

2006 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 18 வயது இளைஞர்கள் இருவர், பெற்றோரின் கார்களில் பந்தயம் விட்டதில் ஒரு டாக்சி ஓட்டுநர் இறந்துபோனார். அந்தக் கார்களில் ஒன்றில் 'நீட் ஃபார் ஸ்பீட்' விளையாட்டு கிடந்ததாகச் செய்தி வந்து பெரிய விவாதம் நடந்தது. விளையாட்டுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வண்டியில் கிடந்த பொருளெல்லாம் விபத்துக்குக் காரணமாகாது என்பது கிளெய்ம் பிரிவின் பாலபாடம். கோடிக்கணக்கானவர்கள் ஆடினார்கள், என் மகன் உட்பட. அவன் இன்றைக்கும் மஞ்சள் விளக்குக்கே நின்றுவிடுகிற ஆசாமி. ஆனால் இறந்தவர் யார் என்று பாருங்கள். பந்தயக்காரரும் இல்லை, போலீசும் இல்லை, மூன்றாம் நபர். அடுத்த ஆண்டே அந்த ஒன்டாரியோ மாகாணம் சட்டம் கொண்டுவந்தது. அன்றைய விதிப்படி, அனுமதித்த வேகத்துக்கு மேல் 50 கிலோமீட்டர் போனாலே வண்டியும் லைசென்சும் அந்த இடத்திலேயே 7 நாள் பறிமுதலாயின, அபராதம் 2,000 டாலரிலிருந்து 10,000 டாலர் வரை இருந்தது.

அந்த 2006-இல்தான் நான் பவர் கேபிளைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பகலெல்லாம் மூன்றாம் நபரின் ஃபைலைப் பார்த்துவிட்டு, மாலையில் வந்து மகனைத் திட்டினேன். ஏன் திட்டுகிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. படிப்பு கெடுகிறது என்றுதான் அவன் நினைத்திருப்பான்.

போன வாரம் தொலைபேசியில் அவனிடம் அந்த டிபன் கேரியர் ஃபைலைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா" என்றான்.

உங்கள் வீட்டிலும் பேரன் பேத்திகள் இப்படி ஏதாவது ஆடிக்கொண்டிருப்பார்கள். கேபிளைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள், ஒரு ஆட்டம் நீங்களும் ஆடுங்கள். பிறகு, "இந்த ஊர்ல ஏம்பா ரோட்டுல நடக்கிற ஆளே இல்லை?" என்று மட்டும் கேட்டு வையுங்கள்.